ஆட்சி மாறினால் கோப்பும் மாறும்: வேலூரிலிருந்து பார்த்தால்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் மூன்றில் ஒன்று கழிந்தது. காலியான அந்த இடத்துக்கு 2019 ஏப்ரலில் வேறொன்று வந்து சேர்ந்தது: தேர்தல் இல்லாத தொகுதி.

ஏப்ரல் 18ஆம் தேதி தமிழ்நாடு வாக்களிக்க இருந்தது. 16ஆம் தேதி மாலை, பிரசாரம் ஓய்ந்த வேளையில், வேலூர் மக்களவைத் தேர்தல் அறிவிக்கையைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு திமுக பொருளாளராக இருந்த துரைமுருகனின் காட்பாடி வீட்டில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. அவருடைய மகன் கதிர் ஆனந்த்தான் அந்தத் தொகுதியின் திமுக வேட்பாளர். தொடர்ந்து, கட்சிக்காரர் ஒருவரோடு தொடர்புடைய சிமெண்ட் கிடங்கில் சுமார் 11 கோடியே 48 லட்சம் ரூபாய் ரொக்கம் கைப்பற்றப்பட்டது. வார்டு வாரியாகப் பிரித்து எழுதி வைக்கப்பட்டிருந்த கட்டுகளைத்தான் தேர்தல் ஆணையம் முக்கியமாகக் கருதியது. இது அரசியல் பழிவாங்கல் என்றது திமுக தரப்பு. தேர்தலை நிறுத்தக் கூடாது என்று எதிரணி வேட்பாளர் ஏ.சி. சண்முகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அவருடைய மனு தள்ளுபடியானது.

இந்த ரத்துக்குப் பின்னாலிருக்கும் சட்டம் கொஞ்சம் விசித்திரமானது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பணத்தைக் கொட்டி வாக்கை வாங்கினால் என்ன செய்வது என்பதற்கு அப்படியொரு பிரிவு கிடையாது. ஆகவே ஆணையம் இரண்டு ஒட்டுகளைப் போட்டது. தேர்தலை நடத்தும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தரும் அரசமைப்பின் 324ஆவது கூறு ஒன்று. அறிவிக்கை வெளியிட்டவரே அதைத் திரும்பப் பெறலாம் என்னும் பொது உட்கூறுகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு இன்னொன்று. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டிருந்தது. மக்களவைத் தொகுதி ஒன்றில் அது நடந்தது வேலூரில்தான் முதல் முறை.

பிறகு என்ன ஆயிற்று? 2019 ஆகஸ்ட் 5இல் தேர்தல் நடந்தது. முக்கிய வேட்பாளர்கள் இருவரும் மறுபடியும் நின்றார்கள். கதிர் ஆனந்த் 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். நோட்டாவுக்கு விழுந்த வாக்குகள் அந்த வித்தியாசத்தைவிட அதிகம். 2024இலும் அவரே வென்றார். 2025 ஜனவரியில் அமலாக்கத் துறை காட்பாடிக்கு வந்து மறுபடியும் சோதனை போட்டது. அதே 2019 விவகாரத்தின் தொடர்ச்சி என்றே அது பேசப்பட்டது.

இதில் அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று சொல்ல நானோ நீங்களோ நீதிபதி அல்ல. என் கேள்வி வேறு. 11 கோடி ரூபாயைக் காரணம் காட்டி ஒரு தொகுதியின் தேர்தலையே நிறுத்த முடிகிறது. அந்தப் பணம் யாருடையது, யாருக்காக வந்தது என்பதற்கு மட்டும் ஆறு ஆண்டுகள் கழித்தும் முடிவான பதில் இல்லை. தேர்தல் லஞ்சத்துக்கு இந்தியச் சட்டத்தில் உள்ள தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. மாஜிஸ்திரேட்டின் அனுமதியில்லாமல் போலீஸ் அதைப் புலன்விசாரணை செய்யவும் முடியாது. ஆக, அந்த ஏப்ரலில் உடனடியாகத் தண்டனை அனுபவித்தவர்கள் வேலூர் வாக்காளர்கள் மட்டுமே. மூன்றரை மாதம் கழித்து, ஆடி வெயிலில் வரிசையில் நின்றார்கள்.

பவுடர் தடவிய நோட்டு அமைச்சரிடம் செல்லாது

நம் ஊரில் அதிகார துஷ்பிரயோகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது லஞ்ச ஒழிப்புத் துறை. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் என்பது முழுப்பெயர். 1964இல் தொடங்கப்பட்டது. வேலூரிலும் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. அது பிடித்த செய்தி இல்லாமல் ஒரு மாதம் போகாது: பட்டா மாற்றத்துக்குக் கை நீட்டிய கிராம நிர்வாக அலுவலர், சார்பதிவாளர் அலுவலகத்தில் கணக்கில் வராத பணம், மின் இணைப்புக்கு லஞ்சம் கேட்ட ஊழியர். 2020 அக்டோபரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலூர் மண்டல அதிகாரி ஒருவரின் ராணிப்பேட்டை வீட்டில் 3 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுக்கப்பட்டது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் அந்த வாரியத்தின் ஒரு கையெழுத்துக்கு என்ன விலை என்பதைப் பாலாற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிறிய லஞ்சத்தைப் பிடிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புகார் கொடுத்தவரிடம் ரசாயனப் பவுடர் தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையைக் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். இந்த முறையில் அமைச்சரையோ எம்.எல்.ஏ.வையோ பிடித்த கதை அரிது. அவர்கள் நோட்டை வாங்குவதில்லை என்பது ஒரு காரணம். அவர்களுடைய அதிகாரம் செயல்படும் விதம் வேறு என்பது பெரிய காரணம். ஓர் இடமாற்ற உத்தரவு, ஒரு டெண்டர் நிபந்தனை, ஒரு மணல் குவாரி, ஒரு மனை ஒதுக்கீடு. இவை எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுபவர் அதிகாரி. கோப்பில் அமைச்சரின் விரல் ரேகை இருக்காது.

அதனால்தான் அரசியல்வாதிகள் மீதான வழக்குகளில் பெரும்பான்மை ‘வருமானத்துக்கு அதிகமாகச் சொத்துச் சேர்த்தார்’ என்ற வழியில் போகின்றன. அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்று நிரூபிக்க முடியாதபோது, அதனால் என்ன சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். கணக்கு எளிதுதான். ஒரு காலவரம்பை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஐந்தாண்டுப் பதவிக்காலம். அதன் தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாய் சொத்து, முடிவில் ஐந்து கோடி என்று வையுங்கள். சேர்ந்தது நான்கு கோடி. அந்தக் காலத்தில் சட்டப்படியான வருமானம் இரண்டு கோடி, செலவு ஒரு கோடி என்றால் மிஞ்சியிருக்க வேண்டியது ஒரு கோடி. மீதி மூன்று கோடிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வருமானத்தோடு ஒப்பிட்டால் அது 150 சதவீதம். சோதனைச் செய்திகளில் வரும் பிரமிக்கவைக்கும் சதவீதங்கள் இப்படிப் பிறப்பவை.

எளிதான கணக்கு என்றாலும் சண்டை முழுவதும் அதில்தான். மனைவியின் நிலம், மகனின் நிறுவனம், மாமனார் கொடுத்த நகை, விவசாய வருமானம், கட்டடத்தின் மதிப்பு. பத்து சதவீதம் வரையிலான வித்தியாசத்தை நீதிமன்றங்கள் பெரிதுபடுத்துவதில்லை என்பது 1977ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்த வழக்கம். ஜெயலலிதா வழக்கில் 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வித்தியாசம் 8.12 சதவீதம்தான் என்று சொல்லி விடுதலை செய்தது. கடன் தொகைகளைக் கூட்டியதில் பிழை இருக்கிறது என்று மறுநாளே பத்திரிகைகள் எழுதின. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தண்டனையை மீட்டது. அந்த வழக்கு 1991–96 காலத்துச் சொத்துகளைப் பற்றியது. முடிந்தபோது முதல் குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை.

அது முடிந்ததே பெங்களூருவுக்குப் போனதால்தான். 2001இல் அதிமுக ஆட்சிக்கு வந்ததும் அரசுத் தரப்புச் சாட்சிகள் மறுவிசாரணைக்கு அழைக்கப்பட்டுப் பலர் பல்டி அடித்தார்கள். திமுகவின் க. அன்பழகன் தொடுத்த மனுவில் 2003இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தமிழ்நாட்டை விட்டு வெளியேற்றியது.

வேலூர் நீதிமன்றத்துக்கு வந்த விழுப்புரம் வழக்கு

இங்கேதான் வேலூர் மறுபடியும் வருகிறது. 1996 முதல் 2001 வரை அமைச்சராக இருந்த க. பொன்முடி மீது, அதிமுக ஆட்சியில் 2002இல் சொத்துக் குவிப்பு வழக்குப் பதிவானது. விழுப்புரத்தில் நடந்துகொண்டிருந்த அந்த வழக்கு, அவர் மீண்டும் அமைச்சராக இருந்த 2022இல், வேலூர் முதன்மை மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2023 ஜூன் 28இல் வேலூர் நீதிமன்றம் அவரையும் அவர் மனைவியையும் விடுதலை செய்தது. லஞ்ச ஒழிப்புத் துறை மேல்முறையீடு செய்யவில்லை.

ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் யாரும் மனுப் போடாமலே இதைக் கையில் எடுத்தார். விழுப்புரத்திலிருந்து வேலூருக்கு வழக்கை மாற்றியது உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு. நீதித் துறை உத்தரவால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை நிர்வாகக் குறிப்பால் எப்படிச் செய்தார்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. 172 அரசுத் தரப்புச் சாட்சிகள், 381 ஆவணங்கள். வாதம் முடிந்த நான்கு நாளில் 226 பக்கத் தீர்ப்பு எப்படி வந்தது என்பது இரண்டாவது. தீர்ப்பளித்த நீதிபதி அதற்கு இரண்டு நாள் கழித்து ஓய்வு பெற்றார் என்பதையும் அவர் குறித்தார். இதை எதிர்த்துப் பொன்முடி தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது 2023 நவம்பரில் தலையிட அது மறுத்துவிட்டது. விசாரணை நடப்பதாலேயே வேலூர் தீர்ப்பு தவறு என்று ஆகிவிடாது. ஆனால் தன் வீட்டு நிர்வாக முடிவையே உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வெளிச்சத்தில் வைத்துக் கேள்வி கேட்டது இந்த மாநிலத்தில் அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல.

அவர் கேள்வி கேட்டது பொன்முடியோடு நிற்கவில்லை. கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு, ஐ. பெரியசாமி என்று திமுக அமைச்சர்களும், ஓ. பன்னீர்செல்வம், பா. வளர்மதி என்று அதிமுக ஆட்களும் வரிசையில் வந்தார்கள். கட்சி வேறு வேறு, தையல் ஒன்றே. ஒரு கட்சி ஆட்சியில் இருக்கும்போது மற்றக் கட்சிக்காரர் மீது வழக்குப் பதிவாகிறது, குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிறது. ஆட்சி மாறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அமைச்சராகிறார். அதே லஞ்ச ஒழிப்புத் துறை ‘மேல் விசாரணை’ நடத்தி, ‘குற்றத்துக்கு முகாந்திரம் இல்லை’ என்று அறிக்கை தருகிறது, அல்லது அரசே வழக்கைத் திரும்பப் பெறுகிறது. நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. மேல்முறையீடு செய்ய வேண்டியவரும் அந்த அரசுதான், செய்வதில்லை. 2024இல் உயர் நீதிமன்றம் இவற்றில் பலவற்றை ரத்து செய்து விசாரணை நடத்தச் சொன்னது. அந்த உத்தரவுகளில் சிலவற்றுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. துரைமுருகனின் 1996–2001 சொத்து வழக்கிலும் இதே போலத்தான்: வேலூர் நீதிமன்றம் முன்பு அவரை விடுவித்திருந்ததை 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்து வழக்கை நடத்தும்படி உத்தரவிட்டது. 1996இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபத்தெட்டைத் தாண்டியிருக்கும்.

எதிர்த்திசைக்கும் வடஆற்காட்டிலேயே உதாரணம் உண்டு. 2021 மே மாதம் திமுக ஆட்சிக்கு வந்தது. ஜூலையில் எம்.ஆர். விஜயபாஸ்கர், ஆகஸ்டில் எஸ்.பி. வேலுமணி, அக்டோபரில் சி. விஜயபாஸ்கர், டிசம்பரில் பி. தங்கமணி என்று முன்னாள் அமைச்சர்கள் வீடுகளில் சோதனை நடந்தது. இடையில் செப்டம்பர் 16 ஜோலார்பேட்டைக்காரரான முன்னாள் வணிகவரித் துறை அமைச்சர் கே.சி. வீரமணியின் முறை. 28 கோடி ரூபாய்க்கு மேல் வருமானத்தை மீறிய சொத்து என்றது முதல் தகவல் அறிக்கை. கார்கள், ரொக்கம், வீட்டு வளாகத்தில் மணல் குவியல் என்று தொலைக்காட்சிகள் அன்று முழுவதும் காட்டின. அவர் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. சோதனை நடந்த அன்று அந்தப் பகுதியில் பேசப்பட்ட அளவுக்கு, அதற்குப் பிறகான நீதிமன்ற நடவடிக்கைகள் யார் வாயிலும் வரவில்லை. தொடங்குவதில் அரசுக்கு அரசியல் லாபம் இருக்கிறது, முடிப்பதில் இல்லை. என் வாதம் அவ்வளவுதான்.

சட்டத்திலிருந்து காணாமல்போன ஒரு வரி

இதற்கிடையில் 2018இல் ஒரு காரியம் நடந்தது; அதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 13ஆவது பிரிவு, பதவியைத் தவறாகப் பயன்படுத்தித் தனக்கோ மற்றவருக்கோ ஆதாயம் தேடித் தருவதைக் குற்றம் என்று சொன்னது. ஓர் ஒப்பந்தத்தைத் தகுதியில்லாதவருக்குக் கொடுத்த வழக்குகளெல்லாம் அந்த வரியைப் பிடித்துத்தான் நின்றன. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்த வரி நீக்கப்பட்டது. நேர்மையான அதிகாரிகள் முடிவெடுக்கவே பயப்படுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பின்னாளில் தவறாகிப்போன ஒவ்வொரு முடிவையும் குற்றமாக்கினால் யார் கோப்பில் கையெழுத்துப் போடுவார்கள்? ஆனால் விளைவு என்னவென்றால், இப்போது அந்தப் பிரிவில் மிஞ்சுபவை கையாடலும் வருமானத்தை மீறிய சொத்தும் மட்டுமே.

அதே திருத்தத்தில் 17ஏ பிரிவு வந்தது. பதவியில் எடுத்த முடிவு தொடர்பாக விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டியவர், அந்த நபரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவர். அமைச்சர் என்றால் ஆளுநர். விசாரணை முடிந்து நீதிமன்றம் போவதற்கு 19ஆவது பிரிவின்படி மறுபடியும் அனுமதி. தடை செய்யப்பட்ட குட்காவை விற்கவிட லஞ்சம் வாங்கியதாகச் சொல்லப்படும் குட்கா வழக்கில் முன்னாள் அதிமுக அமைச்சர்கள் மீது நடவடிக்கைக்கான அனுமதி ஆளுநர் மாளிகையில் கிடந்ததும், அரசு உச்ச நீதிமன்றம் போனதும், 2023 நவம்பரில் அனுமதி கிடைத்ததும் நினைவிருக்கலாம். ஐ. பெரியசாமி வழக்கில் சிக்கலே, அனுமதி தர வேண்டியவர் ஆளுநரா பேரவைத் தலைவரா என்பதுதான். சொத்துக் குவிப்பு வழக்குக்குப் பொதுவாக 17ஏ தேவைப்படுவதில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை அந்த வழியையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குற்றமா இல்லையா என்பதைத் தாண்டி, ‘இது முறையா’ என்று கேட்கும் அமைப்பு இந்தியாவில் இல்லையா என்று கேட்கலாம். நாடாளுமன்றத்தில் இருக்கிறது. மாநிலங்களவையில் 1997இலும் மக்களவையில் 2000இலும் நெறிமுறைக் குழுக்கள் அமைந்தன. அதற்கு வெகு முன்பே, 1951இல், எச்.ஜி. முத்கல் என்ற உறுப்பினர் பம்பாய் வணிகர் சங்கம் ஒன்றிடம் பணம் பெற்றுக்கொண்டு அவையில் அவர்களுக்காகச் செயல்பட்டார் என்ற புகாரை விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குழு புகார் உண்மை என்றது. வெளியேற்றப்படுவதற்கு முன் முத்கல் தாமே விலகினார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே கிருஷ்ணமாச்சாரி, நிதியமைச்சராக இருந்தபோது, எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்ட விவகாரத்தில் சாக்ளா ஆணையத்தின் முன் பதில் சொல்ல நேர்ந்து பதவி விலகினார். பொதுமக்கள் முன்னிலையில் நடந்த அந்த விசாரணை ஒரு மாதத்துக்குள் முடிந்தது. இன்று நம்புவது கடினம்.

2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்கள் இரண்டு வாரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். 2023 டிசம்பர் 8இல் திரிணமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா வெளியேற்றப்பட்டார். ஆறு மாதத்தில் அதே கிருஷ்ணநகர் மக்கள் அவரை மறுபடியும் அனுப்பினார்கள். வேகம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. தீர்ப்பு மட்டும் பெரும்பான்மையின் கையில் இருக்கிறது. 2005இல் பல கட்சிகளையும் சேர்ந்தவர்கள் வெளியே போனதால் அந்த முடிவுக்கு மதிப்பு இருந்தது. ஆளும் தரப்பு எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவரை வெளியேற்றும்போது அந்த மதிப்பைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் சர்க்காரியா ஆணையத்துக்கும் இந்தக் கறை உண்டு: 1976 ஜனவரி 31இல் திமுக அரசைக் கலைத்த பின், அந்த அரசின் மீதான ஊழல் புகார்களை விசாரிக்க மத்திய அரசு அமைத்த ஆணையம் அது. அது சொன்னது எவ்வளவு, சொல்லவைத்தது யார் என்ற விவாதம் ஐம்பது ஆண்டுகளாக மேடைக்கு உதவுகிறது. தண்டனை என்று ஒன்றும் வரவில்லை.

ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பான லோக் ஆயுக்தாவும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஓராண்டுக்குள் மாநிலங்கள் அமைக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2018இல் சட்டம் இயற்றியது, அதுவும் உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகு; 2019இல்தான் உறுப்பினர்களை நியமித்தது. வேலூர்ப் பக்கம் அதன் பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆட்சி மாறினாலும் மாறாத ஓர் ஆவணம் உண்டென்றால் அது வேட்பாளரின் பிரமாணப் பத்திரம், படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஒரே வேட்பாளர் அடுத்தடுத்த தேர்தல்களில் தந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மேலே சொன்ன ஐந்தாண்டுக் கணக்கின் பாதியை வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். கையிருப்பு, நிலம், நகை, கடன், மனைவியின் பெயரில் உள்ளது, வேட்பாளர் மீதான வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். 2018 பிப்ரவரி 16இல் லோக் பிரஹரி என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: மக்கள் பிரதிநிதிகளின் சொத்து பதவிக்காலத்தில் எப்படி வளர்கிறது என்பதைக் கண்காணிக்க நிரந்தர அமைப்பு ஒன்றை மத்திய அரசு ஏற்படுத்த வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், எல்லோருடைய கணக்கையும் ஒரே அளவுகோலால் ஆண்டுதோறும் சரிபார்க்கும் அமைப்பாக அது இருந்திருக்கும். படிவத்தில் வருமான ஆதாரத்துக்கான கட்டங்கள் சேர்ந்துவிட்டன. அந்த அமைப்பு வரவில்லை.